வலப்பக்கத்து இதயம்

அங்கமுத்துவுக்குக் கருமாதி முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலை, வெள்ளோட்டம்பாளையம் அரசு ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக இ.சி.ஜி. எடுத்துவந்த கலாமணி, பின்வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, தன் நெஞ்சின் வலப்பக்கத்தில் இன்னோர் இதயம் துடிப்பதை உணர்ந்தாள். பயப்படவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். இடப்பக்கத்தில் தன்னுடையது எப்போதும்போல அடித்துக்கொண்டிருக்க, வலப்பக்கத்தில் புதிதாக வந்தது நிதானமாக, கனமாக, சேற்று வயலில் நடக்கும் ஆளைப்போல அடித்தது; ஆறு தடவை ஒழுங்காக அடித்துவிட்டு, ஏழாவதை மறந்துபோனதுபோல ஒரு கணம் நின்று, நின்றதற்கும் சேர்த்து ஓங்கி ஒன்று அடித்தது. அந்த நடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பதினேழு நாளைக்கு முன்னால் அதைக் கட்டம் போட்ட தாளில் அவள் பார்த்திருந்தாள்.

அன்று சனிக்கிழமை, ஒரு மணிக்குக் கதவைப் பூட்டும் நேரம். அங்கமுத்து பம்புசெட் மெக்கானிக். சுற்றிலும் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். நாற்பத்தெட்டு வயதுக்காரர் கிரீஸ் படிந்த சட்டையோடு தனியாக வந்து, தாடை வலிக்கிறது, இடது தோளில் இழுக்கிறது, வேர்வை நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, “மோட்டாரத் தூக்குனதுல புடிச்சிருக்குமுங்க” என்று காரணத்தையும் தானே சொன்னார். கலாமணி அவரைப் படுக்கவைத்து, பசை தடவி, ஒயர்களை மாட்டினாள். தாள் சரசரவென்று வந்தது. கீழே இறங்கி வர வேண்டிய கோடு இறங்காமல் மேலேயே நின்றிருந்தது. தாளைப் படிப்பது அவள் வேலையில்லை, எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் பதினான்கு வருடம் அந்தக் கோடுகளையே பார்த்தவளுக்கு எது கோணல் என்று தெரியாதா? டாக்டர் இளவழகன் சாப்பிடக் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தார். அவள் போனை எடுத்தாள். போன வாரம் இதேபோல ஒருவருக்காகக் கூப்பிட்டு, அது ஒன்றுமில்லை என்று ஆனதும், பத்துப் பேர் பார்க்க, “நீ டாக்டரா, நான் டாக்டரா?” என்று அவர் கத்தியது ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டாள்.

“வாயுவா இருக்குமுங்க. மோர் குடிச்சுட்டுப் படுங்க. திங்கக்கெழமை வந்து டாக்டரப் பாருங்க.”

“அவ்வளவுதானுங்களா? ரொம்ப சந்தோசமுங்க அம்மிணி.”

அவர் எழுந்து நெஞ்சிலிருந்த பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தன் சட்டை பட்டுக் கட்டில் ஓரத்தில் அப்பியிருந்த கிரீஸையும் அதே துண்டால் துடைத்துவிட்டுத்தான் போனார். மூன்று மணிக்கு ஒரு மக்காச்சோளக் காட்டில், மோட்டார் அறையில், திருப்புளியைக் கையில் பிடித்தபடி விழுந்து இறந்தார். அந்தத் தாளை அவள் நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தாள். யாரிடமும் காட்டவில்லை; கேட்டவர்களிடம் இயந்திரத்தில் சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கிழித்துப் போடவும் கை வரவில்லை.

ஆகவே வலப்பக்கத்தில் இதயம் வந்தபோது, ஏன் வந்தது என்று கலாமணி யாரையும் கேட்கவில்லை. மூன்று நாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள். நான்காம் நாள், கூட வேலை பார்க்கும் நர்ஸ் வரிசையைத் தாண்டும்போது கை இடித்து, “ஏனக்கா, இந்தப் பக்கமும் அடிக்குது?” என்று கேட்டுவிட்டாள். டாக்டர் இளவழகன் கலாமணியைப் படுக்கவைத்து, ஸ்கேன் கருவியை இடது பக்கம் வைத்தார், வலது பக்கம் வைத்தார், மறுபடி இடது பக்கம் வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கைமுட்டி அளவில் ஒரு முழு இதயம். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவே சுவர், கதவுக்குக் கதவு வால்வு. உள்ளே வரும் குழாயும் இல்லை, வெளியே போகும் குழாயும் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை; ஆனாலும் அது அடித்துக்கொண்டிருந்தது. “இதயத்துக்கு மூளையோட உத்தரவு வேண்டியதில்லம்மா,” என்றார் டாக்டர், தனக்கே சமாதானம் சொல்வதுபோல. “வலது மேலறையோட செவுத்துல ஒரு சின்னக் கணு இருக்குது. அதுவே பொறி போட்டு அதுவே அடிச்சுக்கும். ஒரு நாளைக்கு லட்சம் தடவை.” பிறகு கேஸ் ஷீட்டில் ‘கூடுதலாக ஒன்று, தொந்தரவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செய்தி பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவந்தது. மறுநாள் பத்து மணிக்கு அங்கமுத்துவின் மனைவி மரகதம் இ.சி.ஜி. அறை வாசலில் வந்து நின்றாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, கையில் எதுவும் இல்லை.

“ஆறு அடிச்சு ஒண்ணு நிக்குதாமா?” என்று கேட்டாள்.

கலாமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

“இருவத்துநாலு வருசம் அந்த நெஞ்சு மேல தல வெச்சுப் படுத்தவ நான். ஒருக்காக் கேட்டுக்கட்டுமா?”

கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், முப்பத்தொன்பது வயதில் தனியாக வாடகை வீட்டில் இருக்கும் கலாமணியின் நெஞ்சில் அதுவரை யாரும் காது வைத்ததில்லை. மரகதம் வைத்தாள். உதட்டசைவில் எண்ணினாள். ஏழாவது அடி நின்று, ஓங்கி விழுந்ததும், “வந்துட்டீங்களா?” என்றாள், வெளியூர் வேலைக்குப் போய் வந்தவரைக் கேட்பதுபோல. வெகுநேரம் கழித்து நிமிர்ந்து கலாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “கடைசியா அவரு நெஞ்சத் தொட்டுப் பாத்தது நீதானம்மிணி. அந்த நன்றிக்குத்தான் உங்கிட்ட வந்திருக்கறாரு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். கலாமணி வாயைத் திறந்தாள். “தண்ணி குடிக்கறீங்களா அக்கா?” என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு ஊர் அந்த இதயத்தை, புதிதாக ஒரு தபால்பெட்டி வைத்தால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி ஏற்றுக்கொண்டது. மாரியம்மன் கோயில் பூசாரி, செத்தவர் இதயத்தைச் சுமப்பவளுக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று இரண்டு நாள் யோசித்து, தீட்டு உடம்புக்குத்தான், அடித்துக்கொண்டிருக்கிற எதற்கும் தீட்டில்லை என்று தீர்ப்புச் சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் இறப்புச் சான்றிதழைத் திரும்ப வாங்க வேண்டுமா என்று தாலுகா ஆபீஸுக்கு எழுதிக் கேட்டார்; ‘இறந்தவர் பெரும்பாலும் இறந்துவிட்டபடியால் மாற்றம் தேவையில்லை’ என்று பதில் வந்தது. மேல்நிலைப் பள்ளி உயிரியல் டீச்சர் பத்தாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிவந்து, “லப் என்கிறது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல உள்ள வால்வு மூடற சத்தம், டப் என்கிறது ரத்தக் குழாய் வாசல் வால்வு மூடற சத்தம், மூடும்போதுதான் சத்தம், திறக்கும்போது சத்தமே கிடையாது” என்று பாடம் நடத்தினார். விவசாயிகள் வந்தார்கள். மோட்டார் இரைகிறது, தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் காயில் எரிந்துவிட்டதா, கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வு போய்விட்டதா என்று அவளுடைய வலது தோளைப் பார்த்துக் கேட்டு, காயில் என்னும்போது நிதானமாகவும் ஃபுட் வால்வு என்னும்போது விரைவாகவும் அடித்தால், “அண்ணன் சொல்லிட்டாருங்க” என்று கிளம்பிப் போனார்கள். போகும்போது இளநீரோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ, சோளக்கதிரோ வைத்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இளநீரை அவளால் குடிக்க முடியவில்லை. அத்தனையும் வாசல் மூலையில் குவிந்து காய்ந்தது. கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினாள். அவளைப் பார்த்து எவரும் கும்பிடும்போது கை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்தது. கூச்சக்காரி, தங்கமான பெண் என்று அதையும் மெச்சிப் பேசினார்கள்.

மரகதம் தினமும் பத்து மணிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தாள். வரும்போது அங்கமுத்துவுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, “உனக்குப் புடிக்குதோ இல்லியோ, அவருக்காவ ஒரு வாய் தின்னு” என்று ஊட்டினாள். ஒருநாள் டாக்டர் ஸ்கேன் எடுக்கும்போது அவளும் கூட நின்று, “ஒடம்பு பூராவுக்கும் ரத்தம் அனுப்பறதாச்சே, அதுக்கே ரத்தம் எப்படிங்க இல்லாமப் போச்சு?” என்று கேட்டாள்.

“உள்ள இருக்கற ரத்தத்துல இருந்து அது ஒரு சொட்டும் எடுத்துக்காதுங்க,” என்றார் டாக்டர். “எல்லாத்தையும் வெளிய அனுப்பும். அப்படிப் போற பெரிய குழாயோட ஆரம்பத்துல ரெண்டு சின்னக் கிளை பிரிஞ்சு திரும்பி வந்து இதய தசைக்குப் பாயும். அதுல ஒண்ணு அடைச்சாலும் அந்தப் பக்கத்துத் தசை பட்டினியாச் செத்துரும். இங்க பாருங்க, இடது கீழறைதான் தடிச்ச செவுரு, ஒடம்பு முழுக்க அனுப்பற செவுரு. அதுல இந்த எடம் மட்டும் அசையல.”

“முன்னாலயே தெரிஞ்சிருந்தா?”

“வலி வந்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிருந்தா, அடைப்பக் கரைக்க ஊசி இருக்குதுங்க.”

“இங்க வந்தப்ப ஒண்ணும் தெரியலயாட்ட இருக்குது,” என்றாள் மரகதம். “பாவம், இந்த அம்மிணி என்ன பண்ணும்?” என்று சொல்லிக்கொண்டே, படுத்திருந்த கலாமணியின் நெஞ்சிலிருந்த பசையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கலாமணி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து மாதம் இப்படிப் போனது. திட்டுவாங்கப் பயந்து போனை வைத்தது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை இப்போது நாள் முழுக்கச் சுமந்து திரிய வேண்டியிருந்தது.

வருசத் திதி கழிந்ததும் அங்கமுத்துவின் மகள் மோகனப்ரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் கலாமணி வீட்டுக்கு வந்தார்கள். வெற்றிலை, பழம், ஒரு பட்டுச்சேலை, அதற்கு மேலே பத்திரிகை. மோகனப்ரியா தட்டை நீட்டும்போதே கண் கலங்கியிருந்தது.

“தாரை வார்க்கறப்ப அப்பா எடத்துல மாமா உக்காரட்டும்னு எல்லாரும் சொல்றாங்க,” என்றாள். “எங்கப்பாதான் இருக்கறாரே. நீங்க வந்து உக்காருங்க அத்தை. அவரு பக்கத்துல இருந்துதான் எனக்கு நடக்கோணும்.”

அத்தை என்று கூப்பிட்டாள். அப்பாவின் கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிற சொல். கலாமணி தட்டை வாங்கவில்லை. உள்ளே போய்க் கைப்பையை எடுத்துவந்து, உள்ளறையில் இருந்த தாளை எடுத்து விரித்து, பட்டுச்சேலையின் மேல் வைத்தாள். மடிப்பில் எழுத்து மங்கியிருந்தது. கோடு மங்கவில்லை.

“இது என்னதம்மிணி?” என்றாள் மரகதம்.

“அன்னிக்கு எடுத்ததுங்க அக்கா.”

“அன்னிக்கு மெசின்ல சரியா வரலைன்னு சொன்னாங்களே?”

“நாந்தான் அப்படிச் சொன்னனுங்க.”

மரகதம் தாளைக் கையில் எடுத்தாள். கிட்டே பிடித்துப் பார்த்தாள், எட்டப் பிடித்துப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் புரியல. எனக்குச் சொல்லிக் குடு. ஒண்ணொண்ணாச் சொல்லு.”

கலாமணி தரையில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். இந்தச் சின்ன மேடு மேலறை ரெண்டும் சுருங்குவது. இந்த உயரமான கொம்பு கீழறை ரெண்டும் சுருங்குவது. அதற்குப் பிறகு கோடு தரைக்கு இறங்கி, அறைகள் ஓய்ந்து, இந்த மேடாக மறுபடி தயாராக வேண்டும். “இங்க எறங்கலீங்க. எறங்காம மேலயே நிக்குது. இப்படி நின்னா அடைச்சிருச்சுன்னு அர்த்தம்.”

“இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சும் என்ன சொல்லி அனுப்புனே?”

“வாயுன்னு. டாக்டரக் கூப்புட்டா வைவாருன்னு பயந்துட்டனுங்க. போன வாரந்தான் எல்லாரும் பாக்க வைஞ்சாரு. அந்த மானத்துக்காவ…”

மோகனப்ரியா சுவரில் சாய்ந்தாள். மரகதம் தாளைப் பார்த்தபடியே இருந்தாள். “பேசத் தெரியாத மனுசன்,” என்றாள் மெதுவாக. “வலிச்சாலும் வலிக்குதுன்னு சொல்லமாட்டாரு. ஆனா உனக்கு எழுதியே குடுத்திருக்கறாரு. நீ படிச்சுப் பாத்துட்டு மடிச்சு வெச்சிருக்கறே.”

அவள் அடிப்பாள் என்று கலாமணி காத்திருந்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. மரகதம் தட்டை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, தாளை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

உண்மையைச் சொன்னால் வலப்பக்கத்து இதயம் போய்விடும் என்று கலாமணி ரொம்ப நாளாக நினைத்திருந்தாள். போகவில்லை. ஆறு அடித்து ஒன்று நின்று, ஓங்கி அடித்து, எப்போதும்போல நடந்துகொண்டிருந்தது. மறுநாள் அவள் நடந்ததை எழுதி டாக்டர் இளவழகனிடம் கொடுத்தாள். அவர் படித்து முடித்து, மேசைமேலிருந்த போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல நான் வைஞ்சத நீ எழுதலையே,” என்றார். “எழுதுனா எம்பட தப்பு கொறைஞ்ச மாதிரி ஆயிருமுங்க சார்,” என்றாள் அவள். அவர் அதன் கீழே தன் கையால் நான்கு வரி எழுதி மேலே அனுப்பினார். விசாரணை வந்தது, அவளை இயந்திரத்திலிருந்து எடுத்துச் சீட்டு எழுதும் இடத்தில் போட்டார்கள், பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்ற உத்தரவு வந்தது. அதற்குத்தான் ஊர் கூடியது. “அந்தப் பொம்பளய மாத்துங்க, வேண்டாங்கல. எங்க ஆளு இதயத்த மாத்தாதீங்க” என்று நூற்றுப் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். இரண்டையும் பிரிக்க வழி தெரியாமல் உத்தரவு கிடப்பில் போனது. பஸ்ஸில் இன்னமும் எழுந்து இடம் கொடுத்தார்கள், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். விவசாயிகள் இன்னமும் வந்து மோட்டார் விவரம் கேட்டார்கள், பதில் கிடைத்ததும் வலது தோளுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது சரியாகத்தான் பட்டது.

முகூர்த்தத்தன்று விடிந்ததிலிருந்து வலப்பக்கம் நிலைகொள்ளவில்லை. நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது என்று ஏறியது. அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; முடியாமல் போகவே, பழைய சேலையில் முக்காடு போட்டு நடந்து, மண்டபத்துக்கு எதிரே நின்றிருந்த பாத்திரக்கடை வேனுக்குப் பின்னால், நாதசுரம் கேட்கிற தூரத்தில் நின்றாள். கெட்டிமேளம் முழங்கியபோது நெஞ்சின் வலப்பக்கம் சேலைக்கு மேலேயே துள்ளுவது தெரிந்தது. மாலையோடு வெளியே வந்த மோகனப்ரியா காரில் ஏறும் முன் யாரையோ தேடுவதுபோலத் திரும்பிப் பார்த்தாள். வேனைக் கண்டாள். மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கலாமணியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், வலப்பக்கத்தில் காதை வைத்தாள். இரண்டு தடவை ஏழு எண்ணுகிற நேரம். “போயிட்டு வாரேம்பா,” என்று அந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனாள். மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் கலாமணியின் தோளில் ஒட்டியிருந்தன. தனக்கு உரியதல்லாததை வைத்துக்கொள்ளக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்து வேன் படியில் வைத்தாள்.

மகள் புருசன் வீடு போன பிறகு மரகதத்தால் வெறும் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒருநாள் காலை ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், கலாமணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அம்மிணி என்று கூப்பிடவில்லை, எதுவும் கூப்பிடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள், எழுந்து போனாள். மறுநாளும் அப்படியே. புரட்டாசி முழுக்க ஒரு சொல் இல்லை. கொன்றவள் நெஞ்சில் காது வைத்துத்தான் தன் மனிதனைக் கேட்க முடிகிறது என்றால், அவமானம் தனக்கு மட்டுமில்லை, அந்த அம்மாவுக்கும்தான் என்று நினைக்க நினைக்கக் கலாமணிக்கு மூச்சு முட்டியது. வருகிற நேரத்துக்கு முன்னால் குளித்து, துவைத்த சேலை கட்டி, இடத்தைத் துடைத்து வைப்பாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மரகதம் வழக்கம்போல வந்து உட்கார்ந்து காதை வைத்தாள். எப்போதும் எடுக்கிற நேரத்தில் எடுக்கவில்லை. தலையைத் தூக்கி, யோசிப்பதுபோல நடுவில் நிறுத்தி, பிறகு இடப்பக்கத்தில் வைத்தாள். கலாமணி உடம்பெல்லாம் கூசிப் பின்னால் நகரப் பார்த்தாள். மரகதம் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அசையாத.”

கண்ணை மூடிக் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

“உன்னுது சரியில்ல,” என்றாள் மரகதம். “அந்த டீச்சரு சொன்ன லப்புக்கும் டப்புக்கும் நடுவுல ஊதறாப்பல ஒரு சத்தம். கதவு முழுசாச் சாத்தமாட்டேங்குது. எத்தன நாளா இருக்குது?”

“மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குமுங்க. ரெண்டு மூணு வருசமா. அது ஒண்ணுமில்லீங்க அக்கா.”

“ஊருக்கெல்லாம் பாத்தியே, உனக்கு ஒருக்காக்கூடப் பாத்துக்கலியா?”

கலாமணி தலையைக் குனிந்துகொண்டாள். மரகதம் எழுந்து, கொடியில் கிடந்த சேலையை உருவி அவள் மடியில் போட்டாள்.

“கெளம்பு. கோயமுத்தூருக்கு ஏழே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்குது.”

“வேண்டாமுங்க. எனக்காவ நீங்க வரக்கூடாதுங்க. எனக்கு அதத் தாங்க முடியாதுங்க அக்கா.”

“உனக்காவன்னு யாரு சொன்னா? அவரு குடியிருக்கற ஊடு அது. செவுரு விழுந்தா அவரு எங்க போவாரு?”

சொல்லும்போது மரகதம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் கலாமணி அழ ஆரம்பித்து, அழுகையில் மூச்சு இளைத்தபோது, சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினாள். குடித்து முடிக்கிறவரை சொம்பின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். கலாமணி மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம், திரும்பிப் பார்க்காமல், தானும் நின்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கலாமணி தரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு ஒன்று முழுசாகக் காலியாக இருந்தது. கலாமணி நடுவில் உட்கார்ந்தாள். மரகதம் நின்றபடி சீட்டின் இரண்டு முனையையும் பார்த்தாள். வலப்பக்கம் ஜன்னலோரம், காற்று வரும். அவள் இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.